1870-இல் கொடுத்த வாக்குரிமை 1965 வரை எங்கே போயிருந்தது? (அமெரிக்க மறுகட்டமைப்புக் காலம் பற்றிய விவாத இழை)

பதிவு 1 | வைகைக்கரையான்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில், மறுகட்டமைப்புக் காலம் எனப்படும், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்தபோது ஒரு கணக்கு உதைக்கிறது. இங்கே கேட்டுத் தெளியலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1860 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். போர் முடிந்த 1865 டிசம்பரில் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868 ஜூலையில் 14ஆவது திருத்தம் அந்நாட்டு மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்கள் என்று அறிவித்துச் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதி செய்தது. 1870 பிப்ரவரியில் 15ஆவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முன்னாள் அடிமை நிலையையோ காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டிலும், தென் கரோலைனாவிலிருந்து ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபையிலும் உறுப்பினர் ஆனார்கள், இருவரும் கறுப்பினத்தவர். ஆனால் 95 ஆண்டுகள் கழித்து, 1965-இல், அதே மாநிலங்களில் கறுப்பின மக்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏற்றுவதற்காகவே அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் 15ஆவது திருத்தத்தை யாரும் நீக்கவில்லை. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 1877ஆம் ஆண்டைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 1876 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹேய்ஸ், டில்டன் இருவருக்கும் இடையே 20 தேர்வாளர் வாக்குகள் இழுபறியாகி, 15 பேர் கொண்ட குழு எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் அத்தனையையும் ஹேய்ஸுக்குக் கொடுத்து, அவர் 185க்கு 184 என்று வென்றார். பதவிக்கு வந்ததும் தெற்கு மாநில ஆட்சிமனைகளுக்குக் காவலாக நின்ற கூட்டரசுப் படை விலகியது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்கிறார்கள். இது போதுமான விடைதானா?

பதிவு 2 | செங்கோடன்

நல்ல கேள்வி. வழக்கறிஞர் தொழிலில் காலம் கழித்தவன் என்பதால், படையை விட்டுவிட்டு நீதிமன்றத்தின் பக்கம் உங்களை இழுக்கிறேன்.

15ஆவது திருத்தத்தின் வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள். 'வயது வந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமை உண்டு' என்று அது சொல்லவில்லை. இன்ன மூன்று காரணங்களுக்காக மறுக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. கல்வி, சொத்து ஆகியவற்றையும் அந்தத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று காங்கிரஸிலேயே சிலர் வாதாடினர், அது கைவிடப்பட்டது. அந்த இடத்தில் ஒரு கதவு திறந்தே கிடந்தது.

அடுத்து 1873 ஏப்ரல் 13. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் யார் வென்றார்கள் என்ற சச்சரவில், அங்கிருந்த நீதிமன்றக் கட்டடத்தைக் கறுப்பின ஆண்கள் காத்து நின்றனர். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களில் பலரை அன்றிரவு சுட்டுக் கொன்றது. இறந்தோர் எண்ணிக்கையைப் பற்றி இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. 60-இலிருந்து 150 வரை சொல்வார்கள். கிட்டத்தட்ட நூறு பேர்மீது குற்றம் சாட்டப்பட்டு, மூன்றே பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த மூவரும் 1876 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தில் விடுபட்டார்கள். குரூக்ஷாங்க் வழக்கு என்று பெயர். 14ஆவது திருத்தம் மாநில அரசின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர் செய்யும் கொடுமையைக் கட்டுப்படுத்தாது, அதை மாநிலமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பின் சாரம். எந்த மாநிலம்? கொலைகாரர்களைப் பிடிக்க மனமில்லாத அதே மாநிலம்தான்.

அதே மாதம் வந்த ரீஸ் வழக்கின் தீர்ப்பு, 15ஆவது திருத்தம் யாருக்கும் வாக்குரிமையை 'வழங்கவில்லை' என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே 1877-இல் படை விலகுவதற்கு ஓராண்டு முன்பே சட்டத்தின் பல்லைப் பிடுங்கியாயிற்று. கோல்ஃபாக்ஸில் 1950-இல் நிறுவிய ஒரு அறிவிப்புப் பலகை, அந்தப் படுகொலையைக் 'கலவரம்' என்று பெருமையோடு குறிப்பிட்டபடி 2021 வரை அங்கேயே நின்றது என்பதையும் உங்கள் உரையில் சொல்லலாம்.

பதிவு 3 | மருதநிலத்தாள்

செங்கோடன் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்புகளிலிருந்து தொடங்கினால் கதையின் வேர் தெரியாது. வேர் நிலத்தில் இருக்கிறது.

போர் முடியும் முன்பே, 1865 ஜனவரி 12 அன்று, ஜார்ஜியாவின் சவானா நகரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் கறுப்பினப் போதகர்கள் இருபது பேரை அழைத்து, உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃப்ரேசியர் என்ற முதியவர், எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பிலேயே உழுது பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கே நாளில் ஷெர்மனின் 15ஆம் எண் கள ஆணை வந்தது: சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும் கடலோர நெல்வயல்களும் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி விதைக்கவும் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் பதவிக்கு வந்ததும், மன்னிப்புப் பெற்ற பழைய பண்ணையார்களுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அந்தச் செய்தியை மக்களிடம் நேரில் சொல்லும் பொறுப்பு, விடுதலை பெற்றோர் நலத்துறையின் தலைவர் ஆலிவர் ஹோவர்டின் தலையில் விழுந்தது. அக்டோபரில் எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் கூட்டம். பண்ணையார்களை மன்னித்துவிடுங்கள், அவர்களிடமே கூலிக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். தீவு மக்களின் குழு அவருக்கு எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. ஹோவர்ட் போரில் வலக்கையை இழந்தவர். அதைக் குறிப்பிட்டே அவர்கள் எழுதினார்கள்: நீங்கள் இழந்தது ஒரு கையை மட்டும், ஆகவே நீங்கள் மன்னிக்கலாம், என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் தமக்கையையும் ஆடை களைந்து அடித்தவனை, தான் சொல்லும் கூலிக்குத் தன் பயிரை வைத்தால்தான் காலிக் குடிசையில்கூட இருக்க விடுவேன் என்பவனை என்னால் மன்னிக்க இயலவில்லை. எழுதியவர்கள் சில மாதங்கள் முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். இந்த ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினாலே உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதி நிறைந்துவிடும்.

நிலம் போனபின் மிஞ்சியது வாரச் சாகுபடி. நிலமும் கோவேறு கழுதையும் விதையும் பண்ணையாருடையவை. கடையில் வாங்கிய மாவும் துணியும் அறுவடைமேல் கடன். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் குடியானவன் இன்னும் பாக்கிக்காரன். கணக்குப் புத்தகம் இருப்பதும் பண்ணையாரிடம். இந்த நிலையில் இருக்கும் ஒருவர், பண்ணையார் எதிர்க்கும் வேட்பாளருக்கு எப்படி வாக்களிப்பார்? வாக்குச் சீட்டை எடுத்துக்கொள்ள யாரும் துப்பாக்கி எடுக்க வேண்டியதே இல்லை. 'அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்' என்ற ஒரு வார்த்தை போதும்.

பதிவு 4 | எதிர்க்கேள்வி

இருவரும் சொல்லாத இரண்டு செய்திகளை வைக்கிறேன்.

முதலாவது, இழையைத் தொடங்கியவர் கேட்டபடி, 1877 விடை ஆகாது. படை விலகிய மறுநாளே கறுப்பின வாக்கு மறைந்துவிடவில்லை. மோசடியும் வன்முறையும் பெருகினவே தவிர, பல இடங்களில் வாக்களிப்பு தொடர்ந்தது. வர்ஜினியாவில் 1879 முதல் சில ஆண்டுகள் கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் கைகோத்து ஆட்சியைப் பிடித்தார்கள். வட கரோலைனாவில் 1894-இல் அதே போன்ற கூட்டணி சட்டமன்றத்தை வென்றது. அந்த மாநிலத்தின் ஜார்ஜ் ஹென்றி வைட் 1901 வரை காங்கிரஸில் அமர்ந்திருந்தார். அவர் வெளியேறியபின் தெற்கிலிருந்து இன்னொரு கறுப்பின உறுப்பினர் அங்கே நுழைய 1973 ஆயிற்று. ஆகக் கழுத்து நெரிக்கப்பட்டது 1890க்கும் 1908க்கும் இடையில். படையில்லாமல், மாநில அரசியலமைப்புகளைத் திருத்தி எழுதி, பகல் வெளிச்சத்தில் செய்தார்கள். வழி காட்டியது 1890-இன் மிசிசிப்பி. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவராக இருந்த அந்த மாநிலத்தின் மாநாட்டில், 134 பேராளர்களில் ஒரே ஒருவர்தான் கறுப்பினத்தவர். எழுதிய அரசியலமைப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விடவும் இல்லை.

இரண்டாவது, தெற்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வசதியான பழக்கம். போர் முடிந்தபோது வடக்கில் கறுப்பின ஆண்களுக்கு வெள்ளையரோடு சமமாக வாக்குரிமை கொடுத்திருந்தவை நியூ இங்கிலாந்தின் ஐந்து மாநிலங்களே. 1865-இல் கனெக்டிகட், விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய மூன்றிலும் மக்களிடம் கேட்டபோது 'வேண்டாம்' என்றார்கள். 1873-இல் பொருளாதாரம் சரிந்ததும் வடக்கின் மனம் முழுதாக வேறு பக்கம் திரும்பியது. 1890-இல் ஹென்றி கேபட் லாட்ஜ் கொண்டுவந்த மசோதா, வாக்காளர்கள் மனுக் கொடுத்தால் கூட்டரசு மேற்பார்வையாளர்கள் தேர்தலைக் கண்காணிக்கலாம் என்றது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அதைச் செனட்டில் தெற்கத்தியர் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். வெள்ளி நாணய விவகாரத்தில் அக்கறை கொண்ட மேற்கு மாநிலக் குடியரசுக் கட்சியினர் சிலர் அதைக் கைகழுவினார்கள். என் கணக்கில் 1877-ஐவிட அதுதான் பெரிய கைவிடல். அதன்பின் வேறொரு காங்கிரஸ், 1894-இல், மறுகட்டமைப்புக் காலத்துத் தேர்தல் பாதுகாப்புச் சட்டங்களின் பெரும்பகுதியை அடித்தே விட்டது.

பதிவு 5 | வைகைக்கரையான்

மூவருக்கும் நன்றி. 1877 என்று எழுதி வைத்திருந்த தலைப்பை அடித்துவிட்டேன். ஆனால் ஒரு ஐயம். 'இனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது' என்பது அப்படியே இருக்கும்போது, 1890-இன் மிசிசிப்பி ஆவணத்தில் இனம் என்ற சொல்லே இல்லாமல் இதை எப்படிச் சாதித்தார்கள்? எழுத்தறிவுத் தேர்வு என்றால் படிக்கத் தெரியாத வெள்ளையரும் அடிபட்டிருப்பார்களே?

பதிவு 6 | ஜார்ஜியாவாசி

இதற்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். பல ஆண்டுகளாக இந்தப் பக்கம் வாழ்வதால் சில இடங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

சூட்சுமம் தேர்வில் இல்லை, தேர்வு வைப்பவரிடம் இருந்தது. மிசிசிப்பியில் இரண்டு டாலர் வாக்குவரி கட்டி, இரண்டு ஆண்டுகளுக்கான வரிப்பாக்கி இல்லை என்று காட்ட வேண்டும். அது ஒரு வடிகட்டி. அடுத்தது, மாநில அரசியலமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் பொருள் சொல்லத் தெரிய வேண்டும் என்ற விதி. மொத்தம் 285 பிரிவுகள். எந்தப் பிரிவைக் கொடுப்பது என்பதும், சொன்ன பொருள் சரியா என்பதும் கவுன்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) வாக்காளர் பதிவாளரின் விருப்பம். படிக்கத் தெரியாத வெள்ளையருக்கு ஒரு வரியில் முடியும் எளிய பிரிவு கிடைக்கும். கறுப்பினப் பள்ளி ஆசிரியருக்கு வரிவிதிப்பு பற்றிய நீண்ட பிரிவு கிடைக்கும். லூசியானா 1898-இல் இன்னும் துணிந்து, 1867 ஜனவரி 1க்கு முன் வாக்களிக்க உரிமை பெற்றிருந்தவரின் மகனுக்கும் பேரனுக்கும் தேர்விலிருந்து விலக்கு என்றது. தாத்தா அடிமையாக இருந்தவனுக்கு அந்த விலக்கு எப்படிக் கிடைக்கும்? அந்தத் தந்திரத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 1915-இல். அதற்குள் காரியம் முடிந்திருந்தது: லூசியானாவில் 1896-இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904-இல் 1,342.

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணியின் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். மிசிசிப்பியின் சன்ஃப்ளவர் கவுன்டியில் ஒரு பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகளாக வேலை செய்தவர். பண்ணையின் நேரக் கணக்கும் அவரே எழுதிவந்தார். 1962 ஆகஸ்ட் 31 அன்று வேறு 17 பேரோடு இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் பேருந்தில் போனார். அவருக்குக் கொடுக்கப்பட்டது 16ஆவது பிரிவு, நடந்து முடிந்த செயலைப் பின்னால் குற்றமாக்கும் சட்டங்கள் பற்றியது. பார்த்து எழுதிவிட்டார், பொருள் விளக்கச் சொன்னபோது முடியவில்லை. குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு அதைப் பற்றித் தெரியும் என்று பின்னாளில் அவரே நகைப்போடு சொல்வார். திரும்பும் வழியில், பேருந்தின் வண்ணம் சரியில்லை என்று காவலர் மறித்து அபராதம் போட்டார். வீடு வந்து சேர்ந்தால், பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார் பண்ணையார். உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு அன்றிரவே வெளியேறினார்.

சென்ற ஆண்டு அலபாமாவின் செல்மாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். 1965-இல் அங்கே பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகளில் மட்டுமே திறந்திருக்கும். அந்த வரிசையில் நின்றவர்களைத்தான் ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் தடியால் தள்ளினார்கள். மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டுச் சுமார் 600 பேர் நடந்த எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் மேடிட்டிருக்கும். உச்சிக்கு ஏறும்வரை மறுகரை கண்ணுக்குத் தெரியாது. ஏறி நின்றால்தான் அன்று முன்வரிசையில் வந்த ஜான் லூயிஸும் மற்றவர்களும் எதைப் பார்த்தார்கள் என்பது புரிகிறது: அகலமான சாலை, அதை அடைத்தபடி மாநிலக் காவலர் அணி. என் மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு 7 | செங்கோடன்

ஜார்ஜியாவாசி சொன்ன 'தேர்வு வைப்பவர்' என்பதுதான் கேள்வியின் மையம். அதைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து நிறுவ ஒரு வழக்கு போதும். 1903, கைல்ஸ் எதிர் ஹாரிஸ். அலபாமாவின் மாண்ட்காமரியைச் சேர்ந்த ஜாக்சன் கைல்ஸ், பல ஆண்டுகள் வாக்களித்து வந்தவர், 1901-இன் புதிய மாநில அரசியலமைப்பால் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார். தம்மைப் போன்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் வழக்குப் போட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். அவருடைய தர்க்கம் வியப்பானது: இந்தப் பதிவு முறையே மோசடி என்கிறீர்கள், அப்படியானால் அந்த மோசடிப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கும்படி நாங்கள் எப்படி ஆணையிடுவது? மேலும், ஒரு மாநிலத்தின் வெள்ளையர் கூட்டம் மொத்தமாகச் சேர்ந்து தடுத்தால் நீதிமன்றத்தின் ஆணைத்தாள் எதையும் சாதிக்காது. அரசியல் கொடுமைக்கு நிவாரணம் மாநிலமோ கூட்டரசின் அரசியல் கிளைகளோ தர வேண்டும். தொழில்முறையில் எத்தனையோ தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன். கையைக் கழுவுவதை இவ்வளவு நேர்த்தியான மொழியில் வேறெங்கும் கண்டதில்லை.

1965 ஆகஸ்ட் 6 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வாக்குரிமைச் சட்டம் வேறு வகையானது. பதிவாளர் நேர்மையாக நடக்க வேண்டும் என்று அது கெஞ்சவில்லை. 1964 நவம்பரில் தேர்வு வைத்திருந்து, வயது வந்தோரில் பாதிப் பேருக்கும் குறைவாகவே பதிவு செய்திருந்த அல்லது வாக்களித்திருந்த மாநிலங்களையும் கவுன்டிகளையும் ஒரு சூத்திரத்தால் தனியே பிரித்தது. அங்கெல்லாம் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. தேவைப்பட்ட இடங்களில் கூட்டரசு அலுவலர்களே மேசை போட்டுப் பெயர் பதிந்தார்கள். ஐந்தாம் பிரிவு இன்னும் கூர்மை: அந்த இடங்களில் தேர்தல் விதி எதை மாற்றினாலும் முன்கூட்டியே வாஷிங்டனின் ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும்; வழக்கு முடிவதற்குள் மாநிலம் புதிய தந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். இப்போது காத்திருக்க வேண்டியவர் மாறிவிட்டார். வாக்குவரியும் 1964-இல் 24ஆவது திருத்தத்தால் ஒழிந்தது. விளைவு: மிசிசிப்பியில் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பினப் பதிவு 1967-இல் 59.8.

ஆக 1870-இன் சட்டம் பதிவாளரைப் பார்த்துச் 'செய்யாதே' என்றது. 1965-இன் சட்டம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

பதிவு 8 | மருதநிலத்தாள்

ஐயா, கடைசி வரியை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நாற்காலியிலிருந்து எழுப்பும் துணிவு வாஷிங்டனுக்குத் தானாக வந்துவிடவில்லை. யாரோ முதலில் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. போய் நின்றவர்கள் யார் என்று பாருங்கள்.

ஹேமர் அம்மையார் வீட்டை இழந்தார் என்று ஜார்ஜியாவாசி சொன்னார். இதற்கு நேர்மாறான காட்சி அதே மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுன்டியில் உண்டு. ரூஸ்வெல்ட் ஆட்சியின் குடியேற்றத் திட்டத்தில், மைல்ஸ்டன் என்ற இடத்தில் பழைய பண்ணை நிலங்களைப் பிரித்துக் கறுப்பினக் குடும்பங்களுக்குத் தவணைக்கு விற்றிருந்தார்கள். 1963 ஏப்ரலில் லெக்ஸிங்டன் நீதிமன்றத்துக்குப் பதிவு செய்யச் சென்ற முதல் பதினான்கு பேரில் முன்னால் நின்றவர்கள் அந்தச் சொந்த நிலக்காரர்களே. அவர்களில் ஹார்ட்மன் டர்ன்போவின் வீட்டுக்கு மே மாதம் தீக்குண்டு வீசினார்கள். வேடிக்கை என்னவென்றால், தன் வீட்டுக்குத் தானே தீ வைத்ததாக அவரையே கைது செய்தார்கள். அவர் நிலத்தைவிட்டு நகரவில்லை. நகரச் சொல்ல எந்தப் பண்ணையாருக்கும் உரிமை இல்லை. 1865-இல் எடிஸ்டோவில் பறித்தது எதை என்பதை இந்த ஒரு கவுன்டி காட்டிவிடுகிறது.

செல்மாவுக்கும் மாண்ட்காமரிக்கும் நடுவே லவுன்ட்ஸ் கவுன்டி. மக்களில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் பட்டியலில் ஒருவர் பெயர்கூட இல்லை. சட்டம் வந்தபின் பதிவு செய்த வாரக் குடியானவர்களைப் பண்ணையார்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் நெடுஞ்சாலையோரத்தில் கூடாரம் அடித்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கூட்டரசு அலுவலர் மேசை போட்டுப் பெயரைப் பதிந்தார். படுக்க இடம் தர அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

பதிவு 9 | ஜார்ஜியாவாசி

அந்தக் கூடார இடத்தில் இப்போது தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் இருக்கிறது. 80ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் கண்ணில் படும். சுற்றிலும் புல்வெளியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கொஞ்சம் விலகிச் செல்கிறேன், பொறுத்தருள்க. எங்கள் மகள் பிறந்தபோது எங்கள் இருவரிடமும் வேலை விசா மட்டுமே இருந்தது. அவளுக்குக் கடவுச்சீட்டு வாங்கித் தந்தது 1868-இன் 14ஆவது திருத்தத்தின் முதல் வாக்கியம். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதிய அந்த வாக்கியம், சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்குக்கும் பொருந்தும் என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்கள் இங்கே வர வாசல் திறந்த குடியேற்றச் சட்டமும் 1965 அக்டோபரில், வாக்குரிமைச் சட்டம் வந்த இரண்டே மாதத்தில் கையெழுத்தானது. அதற்கு முன் இந்தியாவுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். இங்கே நம்மவர் கூட்டங்களில் இந்தக் கடனைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பதிவு 10 | எதிர்க்கேள்வி

மருதநிலத்தாள் அம்மையாரின் வாதத்துக்கு ஒரு தடை. நிலம் இருந்தால் வாக்கு நிலைத்திருக்கும் என்றால், 1898 நவம்பர் 10 அன்று வட கரோலைனாவின் வில்மிங்டனில் நடந்ததற்கு என்ன விளக்கம்? அங்கே கறுப்பினத்தவரிடம் கடைகள் இருந்தன, வீடுகள் இருந்தன, ஒரு செய்தித்தாளும் இருந்தது. ஆயுதக் கூட்டம் அச்சகத்தை எரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் துப்பாக்கி முனையில் கலைத்து, பலரைக் கொன்று, ஆயிரக்கணக்கானோரை ஊரைவிட்டே ஓட வைத்தது. மாநிலமும் வாஷிங்டனும் வாய் திறக்கவில்லை. சொத்து துணிவைத் தரலாம், காவலைத் தருவதில்லை.

செங்கோடன் ஐயாவின் வாதத்துக்கும் ஒரு தடை. நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைப்பது நிரந்தரத் தீர்வென்றால் 2013-இல் என்ன ஆயிற்று? ஷெல்பி கவுன்டி வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சூத்திரம் காலாவதியாகிவிட்டது என்று அடித்தது. சூத்திரம் போனதும் ஐந்தாம் பிரிவு எந்த மாநிலத்தையும் தொடாமல் தாளில் மட்டும் கிடக்கிறது. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை வீசுவது போல என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். ஷெல்பி கவுன்டியும் அலபாமாவில்தான் இருக்கிறது.

பதிவு 11 | நெறியாளர்

இன்றைய கட்சிகளைப் பற்றிய இரண்டு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வரலாற்றோடு நிற்போம்.

பதிவு 12 | மருதநிலத்தாள்

வில்மிங்டன் நியாயமான தடை, ஏற்கிறேன். நிலம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை, நிலமில்லாமல் முடியாது என்றேன். இரண்டுக்கும் இடைவெளி உண்டு.

வைகைக்கரையான் அவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் உரையை ஒரு மனிதரை வைத்துக் கட்டலாம். ராபர்ட் ஸ்மால்ஸ், தென் கரோலைனாவின் பியூஃபர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13 விடியலுக்கு முன், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற எதிரிப் படைக் கப்பலைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு, கோட்டைக் காவலர்களுக்குச் சரியான விசில் அடையாளத்தைக் கொடுத்து, வடக்குக் கடற்படையிடம் சேர்ந்தவர். பின்னர் தம் பழைய எசமானரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். 1868-இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்து மாநில அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் அவர் பேராளர். காங்கிரஸுக்கும் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வாக்குரிமையைப் பறிக்க 1895-இல் கூடிய மாநாட்டிலும் அவர் பேராளராக உட்கார்ந்திருந்தார், ஆறு கறுப்பினத்தவரில் ஒருவராக. எதிர்த்துப் பேசினார், தோற்றார், கையெழுத்திட மறுத்தார்.

பதிவு 13 | வைகைக்கரையான்

ஸ்மால்ஸின் இரண்டு மாநாடுகளிலேயே தொடங்கப் போகிறேன். எடிஸ்டோ கடிதத்தையும் இண்டியனோலாப் பேருந்தையும் நடுவில் வைக்கிறேன். பதிவாளர் மேசையா, நிலமா என்பதை அவையிடமே விட்டுவிடலாம். நீங்கள் மூவரும் இங்கே ஒத்துப்போகாததை நான் அங்கே ஒப்பேற்ற முயல்வது சரியாக இராது. வாக்குவரி 1964-இல் ஒழிந்தது என்று குறித்துக்கொண்டேன்.

பதிவு 14 | செங்கோடன்

அதைத் திருத்திக்கொள்ளுங்கள், பிழை என்னுடையது. 24ஆவது திருத்தம் குடியரசுத் தலைவர், காங்கிரஸ் தேர்தல்களுக்கு மட்டுமே பொருந்தும். மாநிலத் தேர்தல்களுக்கான வாக்குவரி, வர்ஜினியாவின் ஒன்றரை டாலரைப் பற்றிய ஹார்ப்பர் வழக்கில், 1966 மார்ச் மாதம்தான் விழுந்தது.